சளி வராத நோயாளிக்குச் சிறுநீரில் டிபி பரிசோதனை: வார்டில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வார்டுவிளக்கு | ஞாயிறு, இரவு 11.42

எல்லோருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் பதினான்கு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இங்கே எழுதுகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர் அட்மிட் ஆனார். நாற்பது வயது இருக்கும். எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரியும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வருடமாக விட்டிருந்தார். ஒரு மாதமாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். டியூட்டி டாக்டர் பார்த்ததுமே டிபியாக இருக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சளி டப்பா கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

சளி வரவில்லை. அவருக்கு இருமலே பெரிதாக இல்லை. இருமப் பார்த்தால் மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மூன்றாம் நாள் டப்பாவில் கொஞ்சம் எச்சில் இருந்தது. அதை அனுப்பினோம், நெகட்டிவ் வந்தது. எக்ஸ்ரேயில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆறாம் நாள்தான் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கவனித்து, ஊசி வைத்து எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போய்விட்டார். டிபி இருக்கிறது என்ற ரிப்போர்ட் அன்று மதியம் வந்தது. அதற்குள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

அந்த ஒன்பது நாளும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவருடைய சிறுநீர்ப் பையைக் காலி செய்து, எத்தனை மில்லி என்று சார்ட்டில் எழுதினோம். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குச் சிறுநீரிலேயே டிபியைக் காட்டும் அட்டை இருக்கிறது, அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்று போன மாதம் ஒரு பயிற்சியில்தான் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து அந்தப் பை கண்ணிலேயே நிற்கிறது. பதில் அதில் இருந்திருக்கலாம். நாங்கள் அதை அளந்து கொட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பரிசோதனையைக் கையால் செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நிஜமாகவே உயிர் பிழைக்க வைக்கிறதா?


நுண்ணோக்கி | திங்கள், காலை 6.20

சிஸ்டர், நான் லேப் டெக்னீஷியன். இரண்டு வருடம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை பார்த்தபோது இதை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

லாம் டெஸ்ட் என்று சொல்வோம். லிப்போஅரபினோமன்னன் என்பதன் சுருக்கம். காசநோய்க் கிருமியின் மேலுறையில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து இருக்கும் ஒரு பொருள் அது. கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிட்டால் இந்தப் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக இறங்கும். சிறுநீரகத்திலேயே டிபி வந்திருந்தாலும் சிறுநீரில் தெரியும்.

சளி டெஸ்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் லாரிக்காரருக்கு என்ன நடந்தது என்று புரியும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் அது கிருமியோடு சண்டை போட்டு நுரையீரலில் குழி விழும். அந்தக் குழியிலிருந்துதான் கிருமி சளியில் கொட்டும். எதிர்ப்புச் சக்தியே போய்விட்டவருக்குக் குழி விழாது. எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியும், சளியும் வராது, வந்தாலும் கிருமி சிக்காது. கிருமி மட்டும் கல்லீரல், மண்ணீரல், நெறிக்கட்டி, எலும்பு மஜ்ஜை என்று எல்லா இடத்திலும் இருக்கும். லாம் அப்படியே தலைகீழ். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணு எண்ணிக்கையான சிடி4 குறையக் குறைய நன்றாகப் பிடிக்கும். யாருக்குச் சளி டெஸ்ட் கைவிடுகிறதோ அவருக்குத்தான் இது கைகொடுக்கும்.

செய்முறை ரொம்ப எளிது. வரிசையாக ஒட்டியிருக்கும் பட்டைகளில் ஒன்றைப் பிரித்து, மேலே இருக்கும் தாளை உரிக்க வேண்டும். அடியில் ஒரு வெள்ளைத் திண்டு இருக்கும். அதில் 60 மைக்ரோலிட்டர் சிறுநீர் விட வேண்டும், பெரிய சொட்டு ஒன்றிரண்டுதான். 25 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கட்டுப்பாட்டுக் கோடு விழ வேண்டும், அது விழாவிட்டால் அந்தப் பட்டை செல்லாது. இன்னொரு கோடும் விழுந்தால் பாசிட்டிவ். 35 நிமிடம் தாண்டிவிட்டால் படிக்கக் கூடாது.

கஷ்டமே அந்த இரண்டாவது கோடுதான். சில நேரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். பெட்டியோடு ஓர் ஒப்பீட்டு அட்டை வரும், அதில் முதல் நிலைக் கோட்டின் அழுத்தமாவது இருந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதலாம். நாங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் படிக்க மாட்டோம், ஜன்னல் பக்கம் கொண்டுபோவோம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தாளில் எழுதிவிட்டுத்தான் ஒருவருக்கொருவர் காட்டுவோம். முதலில் ஒருவர் "கோடு இருக்கு" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கும் அது தெரிய ஆரம்பித்துவிடும், அதனால்தான்.

டப்பா சுத்தமாக இருக்க வேண்டும். மலமோ மண்ணோ கலந்தால் தப்பாகக் கோடு விழலாம். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சிலவற்றுக்கும் கோடு விழும்.


மூன்றாமாண்டு_பிஜி | திங்கள், மதியம் 1.15

சிஸ்டரின் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த இழை ஒரே பக்கம் சாய்வதற்கு முன் சில எண்களைச் சொல்ல வேண்டும்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் லாம் அட்டை, அறிகுறி உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளில் டிபி இருப்பவர் நூறு பேரில் ஏறக்குறைய 42 பேரைத்தான் பிடிக்கிறது. படுக்கை நோயாளிகளில் பாதிப் பேர். அதாவது நெகட்டிவ் என்று வந்தால் அதற்கு மதிப்பே இல்லை. டிபி இல்லாத நூறு பேரில் ஒன்பது பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு, அதாவது அந்த முக்கிய டிபி மருந்துக்குக் கிருமி கட்டுப்படாத நிலை, இருக்கிறதா என்று சொல்லாது. சிபிநாட், அதே வகையான ட்ரூநாட் இரண்டும் அதைச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, சிறுநீர் டெஸ்ட் இறப்பைக் குறைக்கிறதா என்று பார்த்த ஸ்டாம்ப் ஆய்வில் ஒட்டுமொத்த இறப்புக் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

கையில் இருக்கும் பணத்தில் சிபிநாட் மெஷினில் போடும் கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, பாதிப் பேரைத் தவறவிடும் அட்டை வாங்குவதா? நான் கார்ட்ரிட்ஜ்தான் வாங்குவேன்.


ஏரிக்கரை_டாக்டர் | திங்கள், இரவு 10.05

பிஜி தம்பி சொன்ன எண்கள் சரி. ஆனால் அவற்றிலிருந்து எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. மலாவியில் ஏரிக்கரை மாவட்டம் ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்தேன். மெடிக்கல் வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இருக்கும். இரண்டு கட்டிலுக்கு நடுவில் தரையிலும் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது, டெஸ்ட் எவ்வளவு கூர்மையானது என்பதைவிட, அது கேட்கும் மாதிரி நோயாளியிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கேப்டவுனில் ஸ்டீபன் லான் என்ற மருத்துவர் இதை எண்ணிக் காட்டினார். ஜி.எஃப். யூஸ்டெ மருத்துவமனையில் புதிதாக அட்மிட் ஆன 427 எச்.ஐ.வி. நோயாளிகளை, டிபி சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், அத்தனை பேரையும் சோதித்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு டிபி இருந்தது. முதல் 24 மணி நேரத்தில் சளி கொடுக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர்தான். சிறுநீர் ஏறக்குறைய எல்லோரிடமிருந்தும் கிடைத்தது. அப்படியானால் எவ்வளவு நல்ல கார்ட்ரிட்ஜாக இருந்தால் என்ன? நூறு பேரில் 63 பேருக்கு அதில் போட முதல் நாள் ஒன்றுமே இல்லை. சிஸ்டரின் நோயாளி அந்த 63 பேரில் ஒருவர்.

இப்போது ஸ்டாம்ப். அந்த ஆய்வைத் தொடங்கியவரும் லான்தான். மலாவியில் ஸோம்பா மத்திய மருத்துவமனை, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் எடென்டேல் மருத்துவமனை. 2015 முதல் 2017 வரை 2,600 நோயாளிகள். ஒரு பாதிக்குச் சளியில் எக்ஸ்பெர்ட் மட்டும், இன்னொரு பாதிக்கு அதோடு சிறுநீரில் லாமும் எக்ஸ்பெர்ட்டும். (எக்ஸ்பெர்ட் என்பது நீங்கள் சிபிநாட் என்று சொல்வதுதான்.) 56 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 21, இரண்டாவதில் 18. அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது, உண்மை. ஆனால் அதே கட்டுரையில் அடுத்த அட்டவணையையும் படிக்க வேண்டும் தம்பி. சிடி4 நூறுக்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தவர்களில் ஒன்பது பேர். அட்மிஷனிலேயே டிபி என்று சந்தேகப்பட்டவர்களில் ஏறக்குறைய ஆறு பேர். இந்த மூன்று பிரிவும் ஆய்வு தொடங்கும் முன்பே குறித்து வைத்தவை, கடைசியில் தேடிப் பிடித்தவை அல்ல.

அதற்கு முன் 2016இல் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளில் பத்து மருத்துவமனைகளில் நடந்த இன்னோர் ஆய்வு வந்தது. டிபி சந்தேகம் உள்ள எச்.ஐ.வி. படுக்கை நோயாளிகளுக்கு, செவிலியர்களே கட்டில் பக்கத்தில் லாம் செய்தார்கள். எட்டு வாரத்தில் இறப்பு நூற்றுக்கு 25லிருந்து 21 ஆனது. இந்த இறக்கம் புள்ளியியல்படியும் உறுதியானது. டிபி பரிசோதனைகளில் இறப்பைக் குறைத்ததாகக் காட்டியவை ரொம்பக் குறைவு. பாதிப் பேரைத் தவறவிடும் ஒரு காகிதப் பட்டை அதைச் செய்திருக்கிறது என்றால், அது பிடிக்கும் அந்தப் பாதிப் பேர்தான் அடுத்த வாரம் சாகப் போகிறவர்கள்.

லான் 2016இலேயே மூளைக்கட்டியால் இறந்துவிட்டார். ஸ்டாம்ப் முடிவை அவர் பார்க்கவில்லை. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.


மூன்றாமாண்டு_பிஜி | திங்கள், இரவு 10.50

சார், உட்பிரிவு அட்டவணையை நான் சரியாகப் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. சிடி4 இவ்வளவு குறைவு, காய்ச்சல், எடை இழப்பு எல்லாம் இருக்கிறதென்றால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் எல்லோருக்கும் நேரடியாக ஏடிடி, அதாவது டிபி மருந்து, ஆரம்பித்துவிட்டால் என்ன? எங்கள் யூனிட்டில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.


ஏரிக்கரை_டாக்டர் | செவ்வாய், காலை 5.55

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அதையும் ஆய்வு செய்து பார்த்துவிட்டார்கள். ஐவரி கோஸ்ட், உகாண்டா, கம்போடியா, வியட்நாம் நாடுகளில் சிடி4 நூறுக்குக் கீழே உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் எல்லோருக்கும் டிபி மருந்து. இன்னொரு பிரிவில் எக்ஸ்பெர்ட், சிறுநீர் லாம், எக்ஸ்ரே மூன்றையும் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் கொடுத்ததால் இறப்பு குறையவில்லை, மருந்தின் பக்கவிளைவுதான் கூடியது. 2020இல் வெளிவந்த ஸ்டாட்டிஸ் ஆய்வு அது. அவர்கள் வெளிநோயாளிகள், வார்டில் மூச்சுத் திணறிக் கிடப்பவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண் முன்னால் நோயாளி சாய்கிறார், டெஸ்ட் எதுவும் கிடைக்காது என்றால் நான் ஆரம்பித்துவிடுவேன். அது வேறு. ஆனால் அதையே வழக்கமாக்கினால் வேறு நோய்கள் தப்பித்துவிடும். டிபி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தலைவலி இருந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல். தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து சிடி4 குறைந்தவர் யார் வந்தாலும் சிறுநீரில் லாமும், ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பட்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். இரண்டும் ஒரே மாதிரிப் பட்டைதான், இரண்டும் அரை மணி நேரத்துக்குள் முடியும்.


துணைக்கரம் | செவ்வாய், மதியம் 12.30

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. 2005இலிருந்து எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். எங்கள் மாவட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் துணையாக வேலை செய்கிறேன். மாத்திரையை விட்டவர்களைத் தேடிப் போய் அழைத்து வருவது என் வேலை.

எல்லோரும் டெஸ்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். டெஸ்டுக்கு முன்னால் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு தடவையும் நாலு கேள்வி கேட்பார்கள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொல்வார்கள். இருக்கு என்று சொன்னால் இன்னும் ஒரு நாள் கூலி போகும், இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். அதோடு டிபியும் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்தால் எச்.ஐ.வி.யும் தெரிந்துவிடும் என்ற பயம். வாய்க்கு வருகிற பதிலை நம்பி டெஸ்ட் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுத்தால் எங்களைத் தவறவிடுவீர்கள். வார்டில் படுத்தபிறகாவது கேள்வி கேட்காமல் டெஸ்ட் செய்யுங்கள்.

சளி டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு 2009இல் டிபி வந்தது. பொது வார்டில் இருபது பேர் பார்க்க, டப்பாவைக் கையில் கொடுத்துக் காறித் துப்பச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார். எனக்குச் சளி தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. சிறுநீர் டப்பாவைக் கழிவறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். யாரும் பார்க்க மாட்டார்கள், யாருக்கும் அது என்ன டெஸ்ட் என்று தெரியாது. பெரிய படிப்பு படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படி இல்லை.

1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் அம்மாவும் அவரிடம் படித்த நிர்மலா அம்மாவும் கண்டுபிடித்தார்கள். 1928இல் டிபிக்காக டாக்டர் சௌரி முத்து கட்டிய தாம்பரம் சானடோரியம்தான் பிற்பாடு எங்கள் ஆட்களுக்கும் புகலிடமாக இருந்தது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. ஆரம்பித்தபோது அங்கே வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அதில் பலர் எச்.ஐ.வி.யால் போகவில்லை, டிபியால்தான் போனார்கள். இந்த இரண்டு நோயையும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு காகிதப் பட்டை எல்லா வார்டிலும் இருக்க வேண்டாமா?


வார்டுவிளக்கு | செவ்வாய், இரவு 9.10

அக்கா, நீங்கள் எழுதியதை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் படித்தேன். இருபது பேர் பார்க்க டப்பா கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வார்டில் இடமில்லை, எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றுதான் அப்போது நினைத்தேன். இனி மொட்டைமாடிப் படி பக்கமாவது கூட்டிப்போகிறேன். காற்றோட்டமும் கிடைக்கும், மற்றவர்களுக்குத் தொற்றாமலும் இருக்கும்.


அக்காமகன் | புதன், காலை 7.02

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தத் துறை இல்லை, கூகுளில் தேடி இங்கே வந்தேன். என் தாய்மாமா நாலு நாளாக ஜிஎச்சில் இருக்கிறார். எச்.ஐ.வி. என்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். சிடி4 62, ஹீமோகுளோபின் 7.4 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. காய்ச்சல் விடவில்லை. சளி கொடுத்தால்தான் அடுத்து என்ன என்று சொல்ல முடியும் என்கிறார்கள். அவருக்குச் சளியே வரவில்லை. நான் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.


ஏரிக்கரை_டாக்டர் | புதன், காலை 7.40

தம்பி, நேரில் பார்க்காமல் மாமாவுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு எண்ணும் அவசரமானவை. இன்றே பேசுங்கள். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் யூனிட் டாக்டரிடம் தனியாகப் போய், கட்டில் பக்கத்தில் நின்று கேட்காமல், இப்படிக் கேளுங்கள்: "சார், மாமாவுக்குச் சளி வரவில்லை. சிறுநீரில் லாம் டெஸ்ட் இங்கே உண்டா? இல்லையென்றால் சிறுநீரை சிபிநாட்டுக்கு அனுப்ப முடியுமா? கழுத்து, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வயிற்று ஸ்கேனில் ஏதாவது தெரிகிறதா?" இந்த மூன்றும் போதும். எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார். தலைவலியோ கழுத்து விறைப்போ இருந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள்.


துணைக்கரம் | புதன், காலை 8.15

தம்பி, மாமா மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்திலும் சொல்லுங்கள். அங்கே கவுன்சிலர் இருப்பார், வார்டுக்குப் போன் செய்து பேசுவார். அப்புறம், மாமாவின் நிலையை வார்டில் யாராவது சத்தமாகப் பேசினால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதற்காகத்தான்.


நுண்ணோக்கி | புதன், மதியம் 2.30

சிறுநீரை சிபிநாட்டுக்கு அனுப்பச் சொன்னதால் லேப் பக்கமிருந்து ஒரு விஷயம். லாமுக்கு ஒரு சொட்டு போதும். சிபிநாட்டுக்கு அது போதாது. நிறையச் சிறுநீர் எடுத்து, மெஷினில் சுழற்றி, அடியில் தங்குவதை எடுத்துத்தான் போட வேண்டும். முப்பது மில்லிக்குக் குறையாமல் அனுப்பினால் நல்லது. ஐந்து மில்லி அனுப்பிவிட்டு நெகட்டிவ் வந்துவிட்டது என்று விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிஜி சார் கேட்ட "அட்டையா, கார்ட்ரிட்ஜா" என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் லாமை முதலில் பரிந்துரைத்தது. 2019இல் படுக்கை நோயாளிகளுக்கு வரம்பைத் தளர்த்தியது: டிபி அறிகுறி இருந்தாலோ, நோய் முற்றியிருந்தாலோ, அறிகுறியே இல்லாமல் சிடி4 இருநூறுக்குக் கீழே இருந்தாலோ செய்யலாம். 2024இல் சளியில் சிபிநாட் போன்ற மூலக்கூறு டெஸ்டையும் சிறுநீரில் லாமையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள் என்றே சொல்லிவிட்டது. அட்டை மருந்தை ஆரம்பிக்க வைக்கும், கார்ட்ரிட்ஜ் எந்த மருந்து என்று உறுதிப்படுத்தும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மைக் கேட்பது பட்ஜெட்தான்.


மூன்றாமாண்டு_பிஜி | புதன், இரவு 11.30

இன்று எங்கள் வார்டில் கணக்கெடுத்தேன். எச்.ஐ.வி. உள்ள ஐந்து பேர் இருக்கிறார்கள். சளி கொடுத்தது இரண்டு பேர். அதில் ஒன்று எச்சில். மற்ற மூவருக்கும் கேஸ் ஷீட்டில் "சளி எதிர்பார்க்கப்படுகிறது" என்று இருக்கிறது, ஒருவருக்கு ஏழு நாளாக. ஐந்து பேரிடமும் சிறுநீர் இருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், டிபி என்று உறுதியானவர்களில் யார் மோசமாக இருக்கிறார்கள் என்று எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதை வைத்துப் பிரித்து உடனே அட்மிட் செய்கிறோம். நல்ல திட்டம், பலனும் தெரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஏற முதலில் டிபி என்று தெரிய வேண்டும். சிஸ்டரின் லாரிக்காரர் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போய்விட்டார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையை நேற்று தேடிப் படித்தேன். வசதி குறைந்த நாடுகளில் பெரியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் உடலில் டிபி இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயிரோடு இருந்தபோது அது கண்டுபிடிக்கப்படவே இல்லை.

யூனிட் சீஃப்பிடம் நாளை பேசுகிறேன்.


அக்காமகன் | வெள்ளி, மாலை 6.45

அப்டேட் சொல்கிறேன். லாம் அட்டை அங்கே இல்லை. ஆனால் டாக்டர் மேடம் நான் கேட்டதற்குக் கோபப்படவில்லை, "நல்ல கேள்வி தம்பி" என்றார். அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள், வயிற்றுக்குள் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். மறுநாள் விடியற்காலைச் சிறுநீரை முழுதாகப் பிடித்து நானே லேபுக்குக் கொண்டுபோனேன். நாற்பது மில்லி இருந்தது. நேற்று சாயங்காலம் சிபிநாட்டில் டிபி இருக்கிறது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று வந்தது. நேற்று ராத்திரியே முதல் டோஸ் கொடுத்துவிட்டார்கள். தலைவலி இருக்கிறதா என்றும் கேட்டார்கள், இல்லை.

மாமா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். ஏ.ஆர்.டி. மாத்திரையை உடனே ஆரம்பிக்காமல் தள்ளிப்போடுகிறார்களே, அது சரிதானா?


ஏரிக்கரை_டாக்டர் | வெள்ளி, இரவு 8.20

சந்தோஷம் தம்பி. ஆமாம், சரிதான். டிபி மருந்து சில நாள் உள்ளே போய்ப் பழகட்டும், பிறகு இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. ஆரம்பிப்பார்கள். மூளைக்காய்ச்சல் வகை டிபியாக இருந்தால்தான் இன்னும் தள்ளிப்போடுவார்கள். அந்த ஏ.ஆர்.டி. டொலுடெக்ராவிர் மாத்திரை என்றால், ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைத்துவிடும் என்பதால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு வேளை கொடுப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஏ.ஆர்.டி. ஆரம்பித்த சில வாரத்தில் காய்ச்சல் திரும்ப வந்தாலோ நெறி வீங்கினாலோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது அப்படி ஆகும். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், அவ்வளவுதான்.


துணைக்கரம் | வெள்ளி, இரவு 9.00

தம்பி, மாமா டிஸ்சார்ஜ் ஆனதும் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் நிக்ஷய் ஊட்டச்சத்துப் பணத்துக்குப் பதியச் சொல்லுங்கள். முன்பு மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். முட்டை வாங்கிக் கொடுங்கள். மாமா மாத்திரையை ஏன் விட்டார் என்று மட்டும் அவரைக் குடையாதீர்கள். உடம்பு தேறியதும் அவராகச் சொல்வார்.


வார்டுவிளக்கு | சனி, காலை 5.30

நைட் டியூட்டியில் இருக்கிறேன். தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் வார்டிலும் அட்டை இன்னும் வரவில்லை. அட்டை கேட்டு இண்டெண்ட் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதுவரைக்கும் ஒன்று செய்திருக்கிறோம். அட்மிஷன் சார்ட்டில், டெம்பரேச்சர் எழுதும் கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, "சளி கிடைத்ததா? இல்லையென்றால் சிறுநீர் அனுப்பிய நேரம்" என்று கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துவிட்டோம். எச்.ஐ.வி. என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை, யார் பார்த்தாலும் தெரியாது.

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு ஒருவர் வந்தார். சளி இல்லை. பதினொன்று ஐம்பதுக்குச் சிறுநீர் அனுப்பியாயிற்று, 45 மில்லி. நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லேபில் எட்டு மணிக்கு ஆள் வருவார்கள். அதுவரை நான் இங்கேதான் இருக்கிறேன்.